அடிக்கிற வார்த்தை

‘மண்ணெண்ணெய்’ என்ற சொல்லுக்கு அந்த மாதத்தோடு மரியாதை போய்விட்டது. சித்திரையில் அதை ஒரு மனுவில் போட்டால் உணர்மானி எண்பதுக்கு மேல் கொடுத்தது. ஆனியில் இருபதைத் தாண்டவில்லை. சுயம்புக்கனி தன் மஞ்சள் நோட்டில் அந்தச் சொல்லுக்கு நேரே ஒரு சுழி போட்டாள். ‘கண்ணீர்’ போன வருஷமே செத்துவிட்டது. ‘பட்டினி’யும் ‘நடுத்தெரு’வும் தீபாவளிக்கு முன்பே போய்ச் சேர்ந்தன. கஷ்டப்படுவதற்கு இனிப் புதிதாக எங்கே போய் வார்த்தை பிடிப்பது என்று அவள் முழங்கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. உட்கார்ந்த இடத்தில் கால் ஆடாமல் இருந்து அவளுக்குப் பழக்கமில்லை.

கருங்குளத்தூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி, வாகை மரத்தடியில் அவள் மேசை. மேசை மேல் ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர், மழை வந்தால் இரண்டையும் மூட ஒரு தார்ப்பாய். பதினாறு வருஷமாக மனு எழுதுகிறாள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆயிரம் பேர் வருவார்கள். கலெக்டர் நேரில் பார்க்க முடிவது நாற்பது பேரை. முன்பெல்லாம் யாருக்கு முழங்கை பலமோ அவர்கள் முந்தினார்கள். யாருக்கு மனசு அதிகம் நொந்திருக்கிறதோ அவர்கள் முந்தட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவானுக்குத் தோன்றி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் உணர்மானி வந்தது. மனுவை அதன் வாயில் கொடுத்தால் படித்துப் பார்த்து, நூற்றுக்கு இத்தனை என்று உங்கள் தவிப்புக்கு மதிப்பெண் போடும். முதல் நாற்பது பேருக்கு அன்றே கலெக்டர். மற்ற மனுக்கள் துறைகளுக்குப் போய் அங்கேயே குடியிருக்கும்.

ஒருவர் வழக்குப் போட்டார். உன் துக்கம் சின்னது என்று ஒரு இயந்திரம் சொன்னால், ஏன் சின்னது என்று கேட்க மனிதனுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பு வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு காரணத் தாள். உங்கள் மனுவையே திரும்ப அச்சடித்து, மதிப்பெண்ணுக்குக் காரணமான சொற்களின் மேல் மஞ்சள் பூசிக் கொடுக்கும். மஞ்சள் எவ்வளவு அழுத்தமோ, சொல்லுக்கு அவ்வளவு கனம்.

தீர்ப்புச் சொன்னவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். சுயம்புக்கனிக்குக் கண் இருந்தது, அவ்வளவுதான். தன்னிடம் வந்தவர்களின் தாள்களை வாங்கிப் பார்த்து, மஞ்சள் விழுந்த சொற்களை நோட்டில் ஏற்றினாள். ஆறே மாதத்தில் நாற்பதில் முப்பது பேர் அவள் ஆட்கள். பிறகு மற்ற மனு எழுத்தர்களும் விழித்துக்கொண்டார்கள். எல்லா மனுவிலும் ஒரே சொல் வந்தால் மானி அதை மதிப்பதில்லை. உடனே இவர்கள் அடுத்த சொல்லுக்குத் தாவினார்கள்.

பக்கத்து மேசை தங்கப்பழம் அண்ணாச்சி மட்டும் தாவவில்லை. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ‘சமூகம் அவர்களின் மேலான கவனத்திற்கு’ என்று ஆரம்பித்தால்தான் அவருக்குப் பேனா ஓடும். மானி அவர் மனுக்களுக்கு எட்டு, ஒன்பது என்று போட, ஆட்கள் ஒவ்வொருவராகக் கனியின் மேசைக்கு நகர்ந்துவிட்டார்கள். அதற்காக அவர் முகம் சுளித்ததில்லை. தினமும் பதினொரு மணிக்கு அவள் வாங்கித் தரும் டீயை, சீனி கம்மியாக, ஒருநாள் விடாமல் குடித்தார்.

அந்தத் திங்கட்கிழமை ஆவுடையப்பன் ஐந்தாவது தடவையாக வந்தார். கல்குவாரி ஊர்க்காரர். அறுபது தாண்டியவர், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார்.

“அதேதான் தாயி. குவாரில வெடி வைக்காங்க. மேக்குச் சுவரு விரிஞ்சிருக்கு. போன வாரம் அதுக்குள்ள மூணு விரலு போச்சு, இப்பம் நாலு போகுது. சுவத்துக்கு இந்தப் பக்கம் அவ கிடக்கா. அம்புட்டுதான்.”

அவ என்றால் செல்லக்கிளி, அவர் மனைவி. பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகக் கட்டில்தான்.

“கட்டிலை அங்கிட்டு இழுத்துப் போடலாம்லா அய்யா?”

“ஒத்த அறை வீடு. எங்க இழுத்தாலும் உத்தரம் அந்தச் சுவரு மேலதான நிக்குது?”

கனி கரட்டு நோட்டில் வேகமாக எழுதினாள். ஆள் பேசப் பேச ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்வது, பிறகு மனுவுக்கு ஆகாததைக் கோடு இழுத்து அடித்துவிட்டு மிச்சத்தை டைப் செய்வது. அதுதான் அவள் முறை. எழுதிக்கொண்டே இடது கையால் டீக்கடைப் பக்கம் மூன்று விரலைக் காட்டினாள்.

“இருக்கட்டும்” என்றார் பெரியவர்.

ஓடிய கை அதையும் எழுதிவிட்டது. ஒரு கோடு இழுத்து அடித்தாள்.

“அய்யா, ஒரே ஒரு வரி சேத்துக்கிடுதேன். ‘உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு’ன்னு. இந்த மாசம் அதுக்கு நல்லா மஞ்ச வருது.”

“நான் அப்படிச் சொல்லலியே தாயி.”

“எல்லாரும் போடுதாங்க அய்யா. போடலன்னா போன தடவை மாதிரிதான்.”

“நான் சொல்லாதது என் கையெழுத்துக்கு மேல வரப்படாது. விரலை எழுதுங்க. அதை நான் வச்சுப் பாத்திருக்கேன்.”

வழக்கம்போல் இரண்டு படி எடுத்துக் கொடுத்தாள். இரண்டிலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, ஒன்றை அவளிடம் விட்டுவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அரை மணியில் காரணத் தாளோடு திரும்பினார். பதினான்கு. ‘கிடக்கிறாள்’ மேல் மட்டும் கழுவிவிட்டது போல் லேசாக ஒரு மஞ்சள். நான்கு விரலும் வெள்ளையாகவே இருந்தன. அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். மூன்றாவது டீ மேசை ஓரத்தில் ஆறிப்போய் ஏடு கட்டிக் கிடந்தது.

வியாழக்கிழமை ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, முதுகில் பை.

“அக்கா, நீங்கதான் சுயம்புக்கனியா? நான் ரெஹானா. உள்ள இருக்கிற மெஷினைப் பாத்துக்கிறது நான்தான். சென்னைல இருந்து வரேன்.”

“உக்காருங்க. பிடிச்சுட்டுப் போக வந்திருக்கீங்களா?”

ரெஹானா சிரித்தாள். “பிடிக்கிறதுக்குச் சட்டம் இல்லக்கா. போன திங்கக்கிழமை ஆயிரத்து நூறு மனு. அதுல தொள்ளாயிரத்துக்குத் தொண்ணூறுக்கு மேல. எல்லாரும் ஒரே மாதிரி அழுதா அது யாரைப் பாக்கும்? மூணு மாசத்துக்கு ஒரு தடவை திரும்பச் சொல்லிக் குடுக்குறோம். மூணே வாரத்துல நீங்க அதைத் தாண்டிடுறீங்க.”

“நீங்க காரணத்தைக் காட்டுனீங்க. நாங்க அந்தக் காரணத்தை எழுதிக் குடுத்தோம். இதுல தப்பு எங்க இருக்கு?”

“தப்பு இல்ல. ஆனா இருக்கிறதை இருக்கிற மாதிரி சொல்றவங்க அடில போயிடுறாங்க. ஒருத்தர் நாலு விரல்னு எழுதியிருந்தாரு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்த மனுவுக்கே அறுபது வந்திருக்கும். இப்ப சுத்தி எல்லாரும் கத்துறதால, அவர் என்னமோ நிம்மதியா இருக்கிற ஆளு மாதிரி அதுக்குத் தெரியுது.”

கனிக்குச் சுருக்கென்றது. அந்த மனுவைத் தான்தான் டைப் செய்தது என்று அவள் சொல்லவில்லை. கால் ஆட்டம் நின்றிருப்பது அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது.

ரெஹானா அனுமதி கேட்டு மஞ்சள் நோட்டைப் புரட்டினாள். பிறகு கரட்டு நோட்டையும் எடுத்தாள். அதில் ஏதோ ஒரு பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றாள்.

“ஒரு வார்த்தை இருக்குக்கா” என்றாள். “பத்து வருஷத்து மனு, ஜனங்க கைப்பட எழுதின கார்டு, போன்ல சொன்ன புகார், அதுக்கப்புறம் அந்த ஆளுங்களுக்கு என்ன ஆச்சு, எல்லாத்தையும் சேத்துக் குடுத்துத்தான் மெஷினைப் பழக்கினோம். கத்துறவங்களுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கு. கத்தாம இந்த ஒரு வார்த்தையைச் சொன்னவங்களுக்குத்தான் பின்னாடி ஏதோ ஒண்ணு ஆகியிருக்கு. மெஷின் ரொம்பப் பயப்படுறது அதுக்குத்தான். ஆனா ரெண்டு வருஷமா ஒரு காரணத் தாள்லகூட அது வரல.”

“ஏன் வரல?”

“மனுல இருந்தாத்தானே தாள்ல வரும். எழுதினதுக்குத்தான் அது காரணம் சொல்லும். எழுதாததுக்குச் சொல்லாது.”

“என்ன வார்த்தை?”

“சொன்னா அடுத்த வாரம் ஆயிரம் மனுல இருக்கும். அப்புறம் நிஜமாச் சொல்றவங்களுக்கு அது உதவாது.” ரெஹானா பையை மாட்டிக்கொண்டாள். இரண்டடி போனவள் திரும்பி, வேண்டாவெறுப்பாகச் சொல்வது போல் சொன்னாள்: “நீங்க தினமும் அடிக்கிற வார்த்தைதான்க்கா.”

அதன்பின் கனிக்கு இருப்புக்கொள்ளவில்லை. தினமும் அடிக்கிற வார்த்தை என்றால்? பதினாறு வருஷமாக விரல் தேய அடித்த வார்த்தைகளை வரிசைப்படுத்தினாள். பணிவுடன், மேற்படி, ஐயா, ஆவன செய்யுமாறு, கருணைகூர்ந்து. வெள்ளிக்கிழமை தன் பெயரிலேயே ஏழு மனுக்களைத் தயார் செய்து, தெருவிளக்கு எரியவில்லை என்று ஒரே விஷயத்தை ஏழு விதமாக எழுதி மானிக்குக் கொடுத்துப் பார்த்தாள். கலெக்டரைப் பார்ப்பதுதான் திங்களன்று மட்டும், மானி எல்லா நாளும் மதிப்பெண் போடும். பன்னிரண்டு, ஒன்பது, பத்து என்று வந்தது. ஏழாவதுக்கு வாசல் போலீஸ்காரர், “உங்க தெருவுல மொத்தம் எத்தனை லைட்டும்மா?” என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. சனிக்கிழமையும் விடவில்லை. தன் கான்கிரீட் வீட்டில் இருந்துகொண்டு கனி சுவரையே பார்த்தாள். ஒரு மூலையில் மயிரிழை மாதிரி ஒரு கீறல். அதில் நகம்கூடப் போகவில்லை. நாலு விரல் என்றால் எவ்வளவு என்று தன் கையைச் சுவரில் வைத்துப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு அந்த ஏழு காரணத் தாள்களையும் திரும்ப விரித்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. மாதக்கணக்காகப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் படாமலே போன குறிப்பு: ‘மனுவில் அடித்தல் திருத்தல் கூடாது.’

அடித்தல்.

டைப் அடிப்பதைத்தான் அந்தப் பெண் சொன்னாள் என்று மூன்று நாளாக முட்டாள்தனமாக முட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ரெஹானா ரொம்ப நேரம் பார்த்தது கரட்டு நோட்டையல்லவா?

பழைய கரட்டு நோட்டுகள் பீரோவுக்கு அடியில் கிடந்தன. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து, கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று படித்தாள். பட்டா மாறுதலுக்கு வந்த ராசாத்தி: ‘சரி, இருக்கட்டும்.’ முதியோர் உதவிக்கு ஏழு தடவை நடந்த முத்துவீரன்: ‘பாப்போம். இருக்கட்டும்.’ பிள்ளை காணாமல் போன அந்தோணியம்மாள், பெயருக்குக் கீழே வேறெதுவும் இல்லாமல், ‘இருக்கட்டும்.’ ராசாத்தி அந்த வருஷக் கடைசியில் பெரியாஸ்பத்திரியில் செத்துப்போனாள். முத்துவீரன் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே போனார் என்று இன்றுவரை ஊருக்குத் தெரியாது. அந்தோணியம்மாள் கதையை நினைக்கவே கனிக்குத் தைரியம் வரவில்லை. மனுவுக்கு ஆகாது என்று அந்தச் சொல்லை ஒவ்வொரு தடவையும் அவள்தான் அடித்திருந்தாள். சிலவற்றில் ஸ்கேல் வைத்து, நேர்த்தியாக. வெட்கத்தில் அவளுக்கு முகம் எரிந்தது.

கடைசி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆவுடையப்பன். நாலு போகுது. உத்தரம் அந்தச் சுவரு மேலதான நிக்குது. அதற்கடுத்து, கோட்டுக்கடியில், ‘இருக்கட்டும்’.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒன்பதரை ஆகியும் பெரியவர் வரவில்லை. குவாரி ஊர்ப் பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, பஸ் விடவில்லை என்று யாரோ சொன்னார்கள். கலெக்டருக்கு மனு வாங்குவது பதினொரு மணியோடு சரி. அடுத்தது இனி அடுத்த திங்கள்தான். அதற்குள் இன்னும் எத்தனை விரலோ.

மேசை டிராயரில் போன வாரத்து இரண்டாம் படி இருந்தது. கீழே அவர் கையெழுத்து. கையெழுத்துக்கும் கடைசி வரிக்கும் நடுவில் ஒரு வரிக்கு இடம்.

“அண்ணாச்சி, போட்ட கையெழுத்துக்கு மேல ஒரு வார்த்தை எழுதலாமா?”

தங்கப்பழம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “அந்த ஆளு சொன்னதா?”

“சொன்னதுதான். நான் அடிச்சுப்போட்டேன்.”

“சொன்னதை எழுதினா அது விட்டுப்போனதைச் சேக்குறது. சொல்லாததை எழுதினா போர்ஜரி. எதுன்னு உனக்குத்தான் தெரியும் கனி.”

பழைய தேதியைத் திருத்தினால் அடித்தல் திருத்தல் ஆகும். அதனால் தேதிக்குப் பக்கத்தில் ‘நினைவூட்டல்’ என்று மட்டும் எழுதினாள். பிறகு அந்த ஒற்றைச் சொல்லைப் பேனாவால், அவர் சொன்ன மாதிரியே, முன்னும் பின்னும் எதுவும் சேர்க்காமல் எழுதினாள். உள்ளே கொண்டுபோய் மானியின் வாயில் வைத்தாள்.

தொண்ணூற்றொன்பது.

காரணத் தாள் முழுக்க வெள்ளை. அடியில் அந்தச் சொல் மட்டும் மஞ்சளில் முங்கிக் கிடந்தது. இவ்வளவு அழுத்தமான மஞ்சளை அவள் பார்த்ததே இல்லை. யார் கண்ணிலும் படாமல் தாளை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். பத்தரைக்கே கலெக்டர் அறையிலிருந்து அழைப்பு, பெரியவருக்குப் பதிலாகக் கனி போனாள். பதினொன்றேகாலுக்கு வருவாய்த்துறை ஜீப் சுற்றுவழியாகக் குவாரி ஊருக்குக் கிளம்பியது.

மற்ற எழுத்தர்கள் சூழ்ந்துகொண்டார்கள். எந்த வார்த்தை, எந்த வார்த்தை என்று.

“விரல்” என்றாள் கனி.

அடுத்த வாரம் மனுக்களில் விரல் விரலாக வரும் என்று அவளுக்குத் தெரியும். வரட்டும். தங்கப்பழம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தன் டீயைக் குடித்தார்.

சனிக்கிழமை பாலம் திறந்ததும் கனி குவாரி ஊருக்குப் போனாள். செல்லக்கிளியைக் கட்டிலோடு தூக்கிப் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். மேற்குச் சுவர் புதன்கிழமை காலை விழுந்ததாம். உத்தரம் கட்டில் கிடந்த இடத்தில் குறுக்கே கிடந்தது. வெடி வைப்பதைப் பதினைந்து நாளைக்கு நிறுத்தியிருந்தார்கள். பதினாறாம் நாள் என்ன என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வகுப்பறையில் செல்லக்கிளி கரும்பலகையைப் பார்த்தபடி கஞ்சி குடித்துக்கொண்டிருந்ததைக் கண்டு கனிக்கு வயிறு குளிர்ந்தது.

நடந்ததைப் பெரியவரிடம் மறைக்க மனம் வரவில்லை. தாளை எடுத்துக் காட்டினாள்.

“நீங்க சொன்னதுதான் அய்யா. அன்னைக்கு நான் அடிச்சுட்டேன். என்ன நினைச்சு அய்யா அப்படிச் சொன்னீங்க?”

அவர் தாளைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். நெற்றியைச் சுருக்கினார்.

“நானா?”

“ஆமா. எல்லாம் சொல்லிட்டு, கடைசில ‘இருக்கட்டும்’னீங்க.”

அவர் நன்றாக யோசித்தார். “கடைக்காரன்கிட்ட நீங்க மூணு விரலைக் காட்டுனீங்க தாயி. எனக்கும் சேத்து டீ சொல்லுதீங்கன்னு தெரிஞ்சுது. எனக்கு டீ சேராது. அதான் இருக்கட்டும்னேன்.”

கனி தன் மூன்று விரலையும் விரித்துப் பார்த்தாள்.

“அப்பம் நாலு விரலுக்கு வராத ஜீப்பு டீக்கு வந்திருக்கு” என்றார் அவர். கோபமாகச் சொன்னாரா, சிரிப்பாகவா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “நான் சொல்லாததை எழுதாதீங்கன்னு சொன்னேனே தாயி” என்று மட்டும் சொல்லி, மனைவியின் வாயைத் துண்டால் துடைத்துவிடப் போனார்.

திரும்பி வரும் பஸ் முழுக்க அவளுக்கு அதே நினைப்புதான். ராசாத்தி சொன்னது எது? முத்துவீரன் சொன்னது? அவர்களுக்கும் அன்று அவள் டீ சொல்லியிருப்பாளோ? சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன, ஒருவரையாவது ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாமே? மானிக்குக் கேட்கத் தெரியாது, சரி. பதினாறு வருஷமாக எதிரிலேயே உட்கார்ந்திருந்தவளுக்கு என்ன கேடு?

திங்கட்கிழமை வந்தது. எதிர்பார்த்தபடியே கூட்டமெல்லாம் விரல் கணக்கில் அழுதது. பதினொரு மணிக்கு மனு வாங்குவது முடிந்து, மரத்தடி வெறிச்சோடியது. தங்கப்பழத்தின் மேசையில் அன்று காலையிலிருந்து ஒரு காகிதம்கூட அசையவில்லை. அவர் பேனாவைத் துடைத்துச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். மடக்கு மேசையை மடக்கிக் கயிறு கட்ட ஆரம்பித்தார். வழக்கமாக மேசையை அங்கேயே சங்கிலி போட்டுவிட்டுத்தான் போவார்.

கனி டீக்கடைப் பக்கம் இரண்டு விரலைக் காட்டினாள். “சீனி கம்மி” என்று குரலும் கொடுத்தாள்.

“இருக்கட்டும், கனி” என்றார் அண்ணாச்சி.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே இருக்கும் மானியாக இருந்தால் இந்நேரம் தொண்ணூற்றொன்பது போட்டு மஞ்சள் பூசியிருக்கும். ஆவுடையப்பனாக இருந்தால் வெறும் டீ. வெயிலுக்கு அலுத்த முகமா, வாழ்க்கைக்கு அலுத்த முகமா என்று அவளுக்குப் பார்த்ததும் சொல்லத் தெரியவில்லை. அவளிடம் காரணத் தாள் எதுவும் இல்லை.

லேப்டாப்பை மூடினாள். முக்காலியை இழுத்துக்கொண்டு போய் அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

“எது இருக்கட்டும், அண்ணாச்சி?”

முடிச்சில் இருந்த அவர் கை அப்படியே நின்றது. பிறகு கட்டிய மேசை மேலேயே உட்கார்ந்து, மெதுவாக ஆரம்பித்தார். இரண்டு டீயும் ஆறிப்போய் ஏடு கட்டும்வரை கனி எழுந்திருக்கவில்லை.